பொன்னியம்மா சுவர்

ஏரிமேடு குடியிருப்பில் இப்போது யாரும் பிளாக் நம்பர் சொல்லி வழி சொல்வதில்லை. மீனுக்குப் பக்கத்தில், யானைக்கு எதிரில், ரயிலைத் தாண்டி இரண்டாவது படிக்கட்டு என்றுதான் சொல்கிறார்கள். எல்லாம் சுவரில் இருக்கிற மீன், சுவரில் இருக்கிற யானை. அம்பத்தூர் ஓ.டி.யில் பஸ்ஸை விட்டு இறங்கி, கள்ளிக்குப்பம் போகிற வழியில் பத்து நிமிஷம் நடந்தால் வந்துவிடும். இந்தப் பதினான்கு பிளாக்குகளும் நாலு வருஷம் முன்புவரை காறை பெயர்ந்து கம்பி தெரிய நின்றவை. அப்புறம் ஓர் அறக்கட்டளை வந்தது. சுவர்களைக் கொடுங்கள், படம் வரைகிறோம் என்றது. ஒழுகுகிற குழாயைப் பற்றிக் கேட்டால் மீனை வரைந்துவிட்டுப் போகிறார்களே என்று அப்போதே வாயைவிட்டுக் கேட்டவர்கள் உண்டு. யார் காதில் போட்டுக்கொண்டார்கள்?

படத்தைப் பார்க்கக் கூட்டம் வந்தது. கூட்டத்துக்குப் பின்னாலேயே ஓவியர்கள் வந்தார்கள், நாடகக்காரர்கள் வந்தார்கள், கிதாரைத் தோளில் மாட்டிக்கொண்டு தாடியும் தோடுமாக இளவட்டங்கள் வந்து மேல்மாடி வீடுகளில் வாடகைக்குக் குடியேறின. மூடிக்கிடந்த லேத் பட்டறை நாடக ஒத்திகைக் கூடமாயிற்று. முனையிலிருந்த டீக்கடை காப்பிக்கடையாகி, காப்பிக்கடை கஃபேயாகி, கடைசியில் அங்கே டீ மட்டும் கிடைக்காமல் போயிற்று.

இதிலெல்லாம் பொன்னியம்மாவுக்கு வருத்தம் இல்லை. சொல்லப்போனால் பிடித்துத்தான் இருந்தது. தொழிற்பேட்டையில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் கூட்டிப் பெருக்குகிற வேலை அவளுக்கு. விடியற்காலை ஐந்தரைக்கு வீட்டைப் பூட்டிக்கொண்டு போனால் மத்தியானம் இரண்டரைக்குத் திரும்புவாள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மட்டும் முகத்தைக் கழுவிக்கொண்டு, ஒரு பன்னீர் சோடாவை வாங்கிக் கையில் பிடித்தபடி, சந்து சந்தாக ஒரு சுற்று வருவாள். எந்தச் சுவரில் புதிதாக என்ன வந்திருக்கிறது என்று பார்ப்பாள். பறை அடித்துப் பழகுகிறவர்களின் பக்கத்தில் கொஞ்சம் நிற்பாள். புருஷன் செத்து, ஒரே பிள்ளை கோபித்துக்கொண்டு எங்கோ போய்விட்ட வீட்டுக்குள் உட்கார்ந்து வெறும் சுவரைப் பார்ப்பதற்கு, வெளியே வந்து படம் போட்ட சுவரைப் பார்ப்பது தேவலை இல்லையா?

வினை பிடித்தது அவளுடைய முகமே சுவரில் ஏறிய பிறகுதான்.

ஏற்றியவள் ஹேமாவதி. கரூர்ப் பக்கத்துப் பெண், ஓவியம் படித்தவள், எதிர் பிளாக்கில் மூன்றாம் மாடியில் தனியாகக் குடியிருந்தாள். பொன்னியம்மா குடத்தோடு படியேறுகிறபோது ஒருநாள் நிறுத்தி, "அம்மா, உங்க முகத்தை ஒரு போட்டோ எடுத்துக்கட்டுமா? சுவத்துல போடலாம்னு ஆசை" என்றாள். சுவரில் போடுவது என்றால் காலண்டர் அளவுக்கு இருக்கும் என்று நினைத்துப் பொன்னியம்மா சரி என்றாள். காகிதம் நீட்டப்பட்டது, கையெழுத்தும் போட்டாள். ஆவணி மாதம் முடிவதற்குள், ஒன்பதாம் பிளாக்கின் சாலைப் பக்கத்துச் சுவரில், தரையிலிருந்து மொட்டைமாடி வரைக்கும் பொன்னியம்மா இருந்தாள். மூக்குத்தி மட்டுமே மாட்டுவண்டிச் சக்கரம் அளவு. முகம் மறைக்கிறது என்று முன்னால் நின்ற புங்கமரத்தை வெட்டினார்கள். அடியில் வெள்ளை எழுத்தில் 'பொன்னியம்மா' என்று பெயரும், அதற்குக் கீழே படம் முடிந்த தேதியும் எழுதினாள் ஹேமாவதி. திறப்பு விழாவுக்கு வந்த பெரிய மனிதர் குத்துவிளக்கு ஏற்றினார். மொட்டையாக இருக்கிறதே என்று யாரோ ஓடிப்போய் ஒரு ரோஜா மாலை வாங்கிவந்து, பெயருக்கு மேலே ஆணி அடித்து மாட்டினார்கள். எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு வரிசையாக நிற்க, போட்டோ எடுத்துக்கொண்டார்கள்.

ஹேமாவதியின் கைவண்ணத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் அவள் இந்தப் பக்கத்துக்காரி இல்லை. இங்கே தெருமுனையில் ஒருவருடைய முகத்தைப் பெரிதாகப் போட்டு, பேரும் தேதியும் எழுதி, மாலை மாட்டி, விளக்கு வைத்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். மேலே 'கண்ணீர் அஞ்சலி' என்று எழுதாததுதான் பாக்கி. உள்ளூர்க்காரர்களுக்கு இது தெரியாதா என்றால், நன்றாகத் தெரியும். விழா மும்முரத்தில் ஒருத்தருக்கும் உறைக்கவில்லை, அவ்வளவுதான். உறைத்தது ஒரே ஒருத்திக்கு. கூட்டத்தின் ஓரத்தில் நின்றுகொண்டிருந்த பொன்னியம்மாவுக்கு.

அடுத்த சனிக்கிழமையிலிருந்து சுவருக்கு முன்னால் கூட்டம். வேலை முடிந்து அந்த வழியாக வந்தவளிடம் ஒரு பையன், "ஆன்ட்டி, கொஞ்சம் தள்ளிக்கிறீங்களா, ஃபிரேம்ல வர்றீங்க" என்றான். தள்ளிக்கொண்டாள். அவனும் அவனோடு வந்த நாலு பேரும் சுவரைப் பார்த்தார்கள், அவளையும் பார்த்தார்கள். இரண்டும் ஒரே முகம் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. இன்னொரு நாள் ஒரு பெண் செல்போனில், "நான் பொன்னியம்மாகிட்ட நிக்கிறேன், நீ வா" என்றாள். பக்கத்தில் போய்க்கொண்டிருந்த பொன்னியம்மா திடுக்கிட்டு நின்று, "இன்னாம்மா?" என்றாள். அந்தப் பெண் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அப்புறம் ஒருத்தி வந்தாள், கண்ணாடி போட்ட சாதுவான பெண். சுவரை வெகுநேரம் அண்ணாந்து பார்த்துவிட்டு, "இவங்க எப்ப இறந்தாங்க?" என்று பொன்னியம்மாவிடமே கேட்டாள்.

எரிச்சலில் பொன்னியம்மா, "நேத்துதான்" என்றாள். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அந்தப் பெண் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தாள். அவளோ, "ஐயோ" என்று சொல்லிச் செருப்பைக் கழற்றிவிட்டு, சுவரைப் பார்த்துக் கண்ணை மூடிக் கும்பிட்டாள். பொன்னியம்மாவுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

முதல் இலை புரட்டாசியில் வந்தது. மகாளய அமாவாசை. வேலையிலிருந்து திரும்பி வந்தவள், சுவரடியில், சரியாகத் தன் பெயருக்குக் கீழே, தலைவாழை இலை ஒன்று விரித்திருப்பதைப் பார்த்தாள். சோறு காய்ந்து, எறும்பு மொய்த்துக் கிடந்தது. கற்பூரம் எரிந்த கறுப்பு. எவரோ செத்துப்போன தங்கள் ஆளுக்கு வைத்திருக்கிறார்கள், போகிறது என்று தாண்டப் போனவளுக்குக் கால் அப்படியே நின்றுவிட்டது. சோற்றின் மேல் கத்திரிக்காய் போட்ட நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு. ஓரத்தில் டீயில் நனைத்த பன். இலைக்குப் பக்கத்தில் மூடி திறந்து வைத்த பன்னீர் சோடா. மூன்றும் அவளுக்கு உயிர். நெத்திலியில் கத்திரிக்காய் போட்டால்தான் அவளுக்குப் பிடிக்கும் என்பது இந்த உலகத்தில் எத்தனை பேருக்குத் தெரியும்?

கீழ்வீட்டு விஜியைக் கூட்டிவந்து காட்டினாள். விஜி ஜாக்கெட் தைக்கிறவள், தைத்துக்கொண்டே ஊர்ச் சமாசாரம் முழுவதையும் அலசிக் காயப்போடுகிறவள். குனிந்து இலையைப் பார்த்தாள், சோடாவை மோந்து பார்த்தாள்.

"யக்கா, உயிரோட கீறவளுக்கு எவனாவது படையல் வெப்பானா?" என்றாள் கடைசியில். "இது படையல் இல்ல. உனுக்கு யாரோ சூனியம் வெச்சிக்கீறாங்க."

"எனுக்கு எவன்டி வெப்பான்? நான் யார் குடியைக் கெட்த்தேன்?"

"சொவுத்துல மூஞ்சி ஏறிச்சில்ல? அதுவே போதாதா? ஊரே பாக்குது. எவ கண்ணு எப்டிப்பட்டதோ."

ஐப்பசியில் தீபாவளிக்கு மறுநாள் இரண்டாவது இலை. அதே குழம்பு, அதே பன், அதே சோடா. கூடவே வெற்றிலை பாக்கும், அவள் போடுகிற அதே வாசனைப் புகையிலையும். கார்த்திகையில் மூன்றாவது. ஒவ்வொரு அமாவாசையும் அவள் வேலைக்குப் போன பிறகு வருகிறது, திரும்புவதற்குள் காய்ந்து கிடக்கிறது. யார் வைக்கிறார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. கஃபேயில் கேமரா இருக்கிறதே என்று போய்க் கேட்டாள். அது கல்லாப்பெட்டியை மட்டும்தான் பார்க்குமாம்.

மழை பிடித்துக்கொண்டபோது சுவரில் ஓதம் ஏறி, படத்தின் கழுத்துப் பக்கம் கறுத்தது. அதே வாரம் பொன்னியம்மாவுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. தற்செயல்தான், மழைக்காலத்தில் யாருக்குத்தான் தொண்டை கட்டவில்லை? ஆனால் பயந்தவளிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். ஜாக்கெட் தோளில் நிற்காமல் வழிந்தது. விஜி இரண்டு முறை பிடித்துத் தைத்துக் கொடுத்தாள். கம்பெனியில் கண்ணாடிக் கதவைத் துடைக்கும்போது அதில் தன் முகம் மங்கலாகத் தெரிவதைப் பார்த்துக் கையை எடுத்துவிடுவாள். வேலை முடிந்து வீடு திரும்ப மனசு வராமல் மீன் சுவர், யானைச் சுவர் என்று சுற்றிக்கொண்டே இருப்பாள். எந்தச் சந்தில் நுழைந்தாலும் கடைசியில் அந்தப் பெரிய முகத்துக்கு முன்னால்தான் வந்து நிற்க வேண்டியிருந்தது. குடியிருப்புக்கு வேறு வாசல் இல்லை. அது நாளுக்கு நாள் செழித்துக்கொண்டு வருவதுபோலவும் தான் தேய்ந்துகொண்டு வருவதுபோலவும் அவளுக்குப் பட்டது. செத்துவிடுவோம் என்று பயந்தாள். சுற்றி வளைப்பானேன், சாகப் பயமாக இருந்தது.

மார்கழி இலையைப் பார்த்த அன்றைக்கு விஜி, இத்தனை நாள் அடக்கிவைத்திருந்ததைக் கேட்டேவிட்டாள்.

"யக்கா, கோச்சிக்காத. உன் நாக்கு ருசி இவ்ளோ தெரிஞ்சவன் யாரு? பெத்த புள்ளதான? உதயாவா இருக்குமா?"

"அவன் பேச்சை எட்த்த, உன் ஊட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன்" என்று கத்தினாள் பொன்னியம்மா.

கத்தினாளே ஒழிய, முதல் இலையைப் பார்த்த நாளிலிருந்தே அவள் நெஞ்சுக்குள் அரித்துக்கொண்டிருந்தது அதுதான். மூன்று வருஷத்துக்கு முன்னால் அவள் புருஷன் வீராசாமி இறந்த அன்றைக்கு, மகன் உதயகுமார் எங்கேயோ குடித்துவிட்டு விழுந்து கிடந்தான். ஊர் முழுக்கத் தேடியும் ஆள் அகப்படவில்லை. பொழுது சாய்வதற்குள் எடுக்க வேண்டும் என்று அவளுடைய அண்ணன் மகன் கொள்ளி வைத்தான். எல்லாம் முடிந்து எல்லோரும் குளித்துவிட்டு உட்கார்ந்திருந்தபோது உதயா தள்ளாடிக்கொண்டு வந்து நின்றான். பத்துப் பேர் முன்னிலையில் அவள் மண்ணை வாரித் தூற்றினாள். "நான் செத்தாலும் நீ வரக்கூடாது. எம் பொணத்தைக்கூட நீ பாக்கக்கூடாது. இது உங்கப்பன் மேல ஆணை" என்றாள். அவன் வந்த வழியே திரும்பிப் போனான். போனவன் போனவன்தான். மறுவாரம் அவள் செல்போனில் இருந்த சிம்கார்டைப் பிடுங்கி எறிந்துவிட்டு வேறு நம்பர் வாங்கிக்கொண்டாள். வீம்பு யாரை விட்டது?

அந்தப் பிள்ளையா தன் உயிருக்கு நாள் குறிக்கிறான்? பில்லி சூனியத்தால் சாவதுகூடப் பரவாயில்லை, அதை வைத்தவன் அவன் என்று தெரிந்துவிட்டால் அப்புறம் எப்படிச் சாவது என்று இருந்தது அவளுக்கு. அதனால்தான் வைக்கிறவனைப் பிடிக்க அவள் ஒரு நாள்கூட லீவு போடவில்லை. ஆவடியில் மை போட்டுப் பார்க்கிற ஒருவனிடம் விஜி இழுத்துக்கொண்டு போனாள். அவனும் அவள் பயத்துக்கு ஏற்ற மாதிரியே சொன்னான். முகத்தை அழித்தால் எல்லாம் விலகும் என்றான்.

பொங்கல் முடிந்த வாரம் ஹேமாவதியின் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"பாப்பா, அந்தப் படத்தை அழிச்சிடு."

ஹேமாவதி முதலில் சிரித்தாள். அப்புறம் பொன்னியம்மாவின் கழுத்து எலும்பைப் பார்த்தாள், சிரிப்பு போய்விட்டது. உள்ளே கூட்டி உட்காரவைத்து எல்லாவற்றையும் கேட்டாள்.

"அம்மா, நான் வரைஞ்சதுலயே இதுதான் நல்லா வந்தது" என்றாள் மெதுவாக. "இதைப் பாத்துட்டுத்தான் எனக்கு வேற ஊர்லருந்து கூப்பிடறாங்க. இந்த மாதிரி இனிமே வருமான்னு தெரியாது."

"உனுக்கு அது படம். எனுக்கு உசுரு."

ஹேமாவதி கொஞ்ச நேரம் நகத்திலிருந்த வண்ணத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். அவளுக்குச் சூனியத்தில் நம்பிக்கை இல்லை. ஆனால் எதிரில் உட்கார்ந்திருந்த பெண்மணி ஆவணியில் பார்த்த பெண்மணியாக இல்லை என்பது கண்ணெதிரே தெரிந்தது. பக்கத்துச் சுவர் வேலைக்காக ஆளை மேலே தூக்குகிற வண்டி வருகிறது, அன்றைக்குக் காலை பத்து மணிக்கு இதற்கும் வெள்ளை அடித்துவிடுகிறேன் என்றாள். நல்ல பெண். சொன்ன பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு ஜன்னலைப் பார்த்தாள்.

வண்டி வருகிற நாள் தை அமாவாசை.

அழிப்பதைக் கண்ணால் பார்த்தால்தான் நிம்மதி என்று அன்றைக்குப் பொன்னியம்மா லீவு சொன்னாள். லீவு சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. பத்து மணிக்கு முகம் போய்விடும். முகம் போனால் இலையும் நின்றுவிடும். வைத்தவன் யார் என்று அப்புறம் எந்தக் காலத்திலும் தெரியப்போவதில்லை. இத்தனை மாதமாக எதைத் தெரிந்துகொள்ளப் பயந்தாளோ, அதைத் தெரியாமலே விட்டுவிடவும் முடியவில்லை. ஆறு மணிக்குப் பனி விலகாமல் இருக்கும்போதே புடவைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு இறங்கினாள். சுவருக்குப் பக்கத்தில் கஃபேயின் ஜெனரேட்டர் பெட்டி இருந்தது. அதன் பின்னால் நின்றுகொண்டாள்.

ஒரு பைக் வந்து நின்றது. இறங்கியவன் ஹெல்மெட்டைக் கழற்றினான்.

உதயாதான். இளைத்திருந்தான். முன்நெற்றியில் முடி ஏறியிருந்தது. பையிலிருந்து தூக்குச்சட்டியையும் இலையையும் எடுத்து வைத்துவிட்டு, தரையைக் கையாலேயே பெருக்கித் தண்ணீர் தெளித்தான். பொன்னியம்மா ஜெனரேட்டர் பெட்டியைப் பிடித்துக்கொண்டாள். சரி, அவன்தான். தான் பெற்றதுதான் தன்னைக் கொல்கிறது. பயம்கூட அவளுக்கு விட்டுப்போயிற்று. இத்தனை வெறுப்பு வருகிற அளவுக்கா அன்றைக்குப் பேசிவிட்டோம் என்ற துக்கம்தான் வந்தது. வைக்கட்டும், வைத்து முடிக்கட்டும், போய் அறைக்குள் படுத்துக்கொள்ளலாம் என்று திரும்பினாள்.

அப்போதுதான் அவன் கூப்பிட்டான்.

"கா... கா... கா..."

அவள் நின்றாள். உதயா வானத்தைப் பார்த்துக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். பதில் இல்லை. மறுபடியும் கூப்பிட்டான். மரம் போனதிலிருந்து அந்தப் பக்கம் காக்கை வருவதில்லை என்று அவனுக்கு யார் சொல்வது? கழுத்து வலிக்கிற மட்டும் பார்த்துவிட்டு, இலைக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தான். சுவரோடு பேச ஆரம்பித்தான்.

"எம்மா, இது அஞ்சாவது அமாவாசை. ஒரு காக்காகூட வந்து தொட மாட்டேங்குது. இன்னும் கோவமாத்தான் கீறியா?"

சுவர் என்ன சொல்லும்? அது பாட்டுக்கு அவன் தலைக்கு மேலே பார்த்துக்கொண்டிருந்தது.

"நீ சொன்ன மாரியேதான் நடந்துகினேன். உன் பொணத்தைப் பாக்க வர்ல. மாலை போட்டு வெளக்கு வெச்சி, பேரு, தேதின்னு எவனோ போட்டோ அனுப்பிச்சான், வானகரம் மீன் மார்க்கெட்டுல பொட்டி எறக்கினு இருந்தேன். அப்டியே குந்திட்டேன். உன் நம்பருக்குப் போட்டா அந்த நம்பரே இல்லன்னு சொல்லுது. மொத அமாவாசைக்கு வந்து மேல ஏறிப் பாத்தேன், ஊடு பூட்டிக்கிது. யாரைக் கேக்கறது? எந்த மூஞ்சியை வெச்சினு கேக்கறது? அப்பனுக்கும் கொள்ளி வெக்கல, ஆத்தாளுக்கும் வெக்கல." மூக்கை உறிஞ்சிக்கொண்டான். "குடிய உட்டுட்டேம்மா. போட்டோ பாத்த அன்னிலருந்து ஒரு சொட்டு இல்ல. கொழம்பு நானே வெச்சதுதான். கத்திரிக்கா போட்டுக்கீறேன். ஒரு வாய் எட்த்துக்கம்மா. நீ எட்த்துகினேன்னு தெரிஞ்சா போதும், அப்பறம் வர மாட்டேன், தொந்தரவு குட்க்க மாட்டேன்."

இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டான்.

பொன்னியம்மாவுக்கு முதலில் வந்தது கோபம். வானகரம் என்ன சீமையிலா இருக்கிறது? ஒரே ஒரு வார்த்தை விஜியைக் கேட்டிருந்தால் என்ன குறைந்துபோயிற்று? இந்தத் தடியனால் ஐந்து மாதம் செத்துச் செத்துப் பிழைத்தேனே என்று பல்லைக் கடித்தாள். அடுத்த நொடியே அந்தக் கோபம் அடையாளம் தெரியாமல் போய்விட்டது. தான் என்ன தின்பாள், என்ன குடிப்பாள் என்று வீட்டில் எவனும் கவனித்ததில்லை என்றுதான் இத்தனை காலம் நினைத்திருந்தாள். கவனித்திருக்கிறான். பெற்றவள் சொன்ன சாபத்தைக்கூட ஒரு எழுத்து பிசகாமல் காப்பாற்றியிருக்கிறான். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளலாம் என்று ஓர் எட்டு வைத்தாள். திடீரென்று முன்னால் போய் நின்றால் பயத்தில் அவன் நெஞ்சு நின்றுவிட்டால் என்ன செய்வது என்று தயங்கினாள். என்ன சொல்லிக் கூப்பிடுவது? நான் சாகவில்லை என்று எந்தத் தாயாவது பிள்ளையிடம் சொல்லிக்கொண்டு வந்திருக்கிறாளா?

ஒன்றும் சொல்லாமலே போனாள். அவன் முகத்தைப் பொத்திக் குலுங்கிக்கொண்டிருந்தான். இலைக்கு இந்தப் பக்கம், தன் பெயருக்குக் கீழே, சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தாள். ஓதம் ஏறிய சுவர் சில்லென்று இருந்தது. சோற்றைக் குழம்போடு பிசைந்தாள். ஒரு வாய் வைத்தாள். மென்றாள்.

"உப்பே இல்லியேடா" என்றாள்.

முகத்திலிருந்து கையை எடுக்காமலே அவன், சின்ன வயதில் அவள் அதட்டுகிறபோது சொல்வானே, அதே குரலில் பதில் சொன்னான்.

"படையல் சோத்தை ருசி பாக்கக் கூடாதும்மா."

சொன்ன பிறகுதான் அவன் குலுங்குவது நின்றது. விரல்கள் மெல்ல விலகின. அவன் பார்த்தது அவள் முகத்தை அல்ல, முகத்தைப் பார்க்கிற தைரியம் அவனுக்கு இல்லை. புடவைக்குக் கீழே காலைப் பார்த்தான். பேய்க்குக் கால் கிடையாது என்பார்கள். இரண்டு கால் இருந்தது. குதிகால் வெடித்து, ஒரு ரப்பர் செருப்பின் வார் பிய்ந்து ஊக்கு குத்தியிருந்தது. கையை நீட்டி அந்தக் கால் பெருவிரலைத் தொட்டான். சூடாக இருந்தது.

பொன்னியம்மா இரண்டாவது வாயை உருட்டி எடுத்தாள்.

"இனிமேட்டு ருசி பாத்துட்டே போடு" என்றாள்.